பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை

தோற்றுவாய்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தி வேலைக்கு அனுப்ப முனையும் பெற்றோர் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. காமராசர் என்ன படித்தார், அவர் நாட்டை ஆளவில்லையா என்பதே அது. தேர்வில் தவறிய மாணவரும் இதனையே ஆறுதலாகப் பற்றிக்கொள்வதை ஆசிரியப் பணியில் உள்ளோர் அறிவோம். மேடைதோறும் அப்பெருமகனாரைப் படிக்காத மேதை என்று புகழும் வழக்கமும் இவ்வாதத்திற்கு வலுவூட்டி வந்துள்ளது. அன்பின் மிகுதியால் எழுந்த புகழுரை, ஏழைப் பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தைப் பறிக்கத் துணைபோகுமாயின், அஃது அவருக்கே இழைக்கும் அநீதியாகும். ஆதலின், பெருந்தலைவர் காமராசரின் வாழ்வில் படிப்பு பெற்றிருந்த இடம் யாது, அது அவரை எங்ஙனம் வழிநடத்தியது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பிறப்பும் பள்ளியும்

அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகக் காமராசர் பிறந்தார். தந்தையார் தேங்காய் வணிகர். ஊரில் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்த சிறுவர், பின்னர் சத்திரிய வித்தியாசாலையில் சேர்ந்தார்.

அப்பள்ளியின் வரலாறு நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. 1889இல் தொடங்கப்பெற்ற அக்கல்விக்கூடத்திற்கு ஊர்மக்கள் பிடியரிசி கொடுத்தனர். உலையில் அரிசி இடுமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். அதனைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குப் பயன்பட்டது. அரசின் கை நீளாத காலத்தில் அடுப்படியிலிருந்தே ஓர் ஊர் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. சோற்றுக்கும் கல்விக்கும் உள்ள உறவைக் காமராசர் பிஞ்சுப் பருவத்திலேயே தம் ஊரில் கண்டுவிட்டார்.

அவர்க்கு ஆறு வயதாகும்போது தந்தையார் மறைந்தார். அன்னையார் நகைகளை விற்று, அப்பணத்தை வணிகர் ஒருவரிடம் கொடுத்து, வரும் வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார் என்பர். வறுமை முற்றவே, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவர் தாய்மாமனின் துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றார். பள்ளியை வெறுத்து அவர் வெளியேறவில்லை. குடும்பத்தின் நிலைமை அவரை வெளியேற்றியது. இவ்வேறுபாட்டை மறப்பவர்களே அவர் பெயரால் பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகின்றனர்.

கடையே கல்விக்கூடம்

துணிக்கடையில் முழம் போட்டுக் கொடுத்த கைகள் நாளிதழ்களையும் புரட்டின. சுதேசமித்திரன் போன்ற இதழ்கள் முதல் உலகப் போரின் செய்திகளையும் விடுதலை இயக்கத்தின் செய்திகளையும் சிற்றூர்களுக்குக் கொண்டுசேர்த்த காலம் அது. ஓர் இதழ் பல கை மாறும். எழுத்தறிந்தவர் படிக்க, அறியாதவர் சூழ்ந்திருந்து கேட்பர். 1919இல் ஜாலியன் வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை பற்றிய செய்தி பதினாறாம் வயதை எட்டிக்கொண்டிருந்த காமராசரின் உள்ளத்தைப் பெரிதும் உலுக்கியது. விருதுபட்டியை விட்டு அகலாத ஓர் இளைஞர், ஆயிரம் கல் தொலைவிலுள்ள அமிருதசரசின் துயரைத் தம் துயராகக் கொண்டார். அச்செழுத்து செய்த வேலை இது.

அரசியல் ஈடுபாட்டைக் குறைக்கக் கருதிய உறவினர் அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அங்கிருந்தும் அவர் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடத்தலாகாது என்றிருந்த கொடுமையை எதிர்த்து 1924இல் தொடங்கிய அறப்போர் அது.

சிறையே நூலகம்

1930இல் இராசாசியின் தலைமையில் நிகழ்ந்த வேதாரணியம் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1931இல் காந்தி–இர்வின் உடன்பாட்டினால் விடுதலையானார். அதன் பின்னரும் சிறை அவரைத் தொடர்ந்தது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தை ஒட்டிக் கைதாகி 1945 வரை அமராவதி, வேலூர்ச் சிறைகளில் இருந்தார். விடுதலைப் போரில் அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும்.

ஒன்பது ஆண்டுகள் என்பது ஒரு மாணவன் ஆறாம் வகுப்பிலிருந்து பட்டம் பெறும் வரையிலான காலம். விதி பறித்துக்கொண்ட ஆண்டுகளைச் சிறை திருப்பித் தந்தது போலும்! அங்கே அவர் நூல்களைப் படித்தார். உடனிருந்த கற்றோரிடம் கேட்டறிந்தார். ஆங்கில இதழ்களையும் நூல்களையும் தாமே படித்துணரும் அளவிற்கு அம்மொழியைப் பயின்றார். கற்றல், கேட்டல் என நம் முன்னோர் வகுத்த இரண்டும் கம்பிக்குப் பின்னே அவர்க்கு ஒருங்கே வாய்த்தன. அரசியல் ஆசானாக வாய்த்த தீரர் சத்தியமூர்த்தியும் ஆழ்ந்த கல்வியாளர். 1936இல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளராகப் பணியாற்றினார்.

காமராசர் நூல் எதுவும் எழுதிக் குவித்தவரல்லர்; மேற்கோள்களை அடுக்கிப் பேசியவரும் அல்லர். படித்ததை ஊர் ஊராய்ச் சென்று கண்டவற்றோடு ஒப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்வதே அவர் படிப்பு முறை. படிப்பைக் காட்டிக்கொள்ளாமையால் அவரைப் படிக்காதவர் என நாம் பெயரிட்டுவிட்டோம். அடக்கத்தை அறியாமை எனக் கொண்டது நம் பிழையே.

தாம் இழந்ததைப் பிறர்க்கு அளித்தல்

பெற்றோரின் தொழிலை அரைநாள் பயின்று, அரைநாள் மட்டும் பள்ளிக்கு வரும் முறை 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்டது. அதற்கு எழுந்த கடும் எதிர்ப்பினிடையே 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அம்முறை கைவிடப்பட்டது. தந்தையின் கடையும் மாமனின் கடையும் ஒரு சிறுவனின் எல்லையாகிவிடக் கூடாது என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் யார்?

தொடர்ந்து நிகழ்ந்தவை வரலாறு. ஆசிரியரின் முதுமையைக் காக்க ஓய்வூதியமும் சேமநிதியும் காப்புறுதியும் இணைந்த திட்டம் 1955இல் வந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கிப் பரவியது. பாரதி பிறந்த அவ்வூரிலேயே, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் அடங்கியிருக்கிறார். தமிழுக்கு இருபெருங் கவிஞரைத் தந்த மண்ணில் ஏழைப் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்தது. தொடக்கத்தில் இத்திட்டத்திற்கு ஊர்மக்களின் நன்கொடையும் துணைநின்றது. விருதுபட்டியின் பிடியரிசி நாடு தழுவிய திட்டமாய் வளர்ந்ததென நாம் கருதலாம்.

கல்வித்துறை இயக்குநராக விளங்கிய நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊரார் தம் பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் நாற்காலியும் புத்தகமும் வழங்கினர். தொலைவைக் காரணங்காட்டிப் பிள்ளைகள் நின்றுவிடாதபடி சிற்றூர்கள்தோறும் தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி வழங்கப்பட்டது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் நிறைவேறியதும் அவர் ஆட்சியிலேயே. அக்காலப் பகுதியில் நம் சமுதாய வள்ளல்களும் பின்தங்கினாரல்லர். திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951இல் எழுந்தன. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் எழுந்தது.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். 1964இல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, நேருவுக்குப் பின் இருமுறை பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றார். 1967 தேர்தலில் தாம் பிறந்த விருதுநகரிலேயே மாணவர் இயக்கத்தில் முன்னின்ற இளைஞர் ஒருவரிடம் தோற்றார். மாணவரும் இளைஞரும் அணிதிரண்டு அவர் கட்சியை வீழ்த்திய தேர்தல் அது. அத்தோல்வியைக் காமராசர் அமைதியுடன் ஏற்றார். கற்பிக்கப்பட்ட மக்கள் தாமே எண்ணித் தீர்ப்பளிப்பர் என்பதை ஏற்கும் துணிவுடையவரே கல்விக்கூடங்களைத் திறக்க முடியும்.

கந்தக மண்ணில் எழுத்து

காமராசர் 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களிலும் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய வறண்ட கரிசல் நிலம் அது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன் வழியே பட்டாசும், அவற்றிற்குச் சீட்டு அச்சிடும் தேவையால் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. நாட்காட்டியும் நாட்குறிப்பும் பள்ளிக் குறிப்பேடும் நாடெங்கும் செல்வது சிவகாசியிலிருந்தே. ஆயினும் பிறர் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு செய்து அனுப்பிய அவ்வட்டாரத்தின் பிள்ளைகள் பலர், விடியுமுன்னே பேருந்தேறித் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றனர். குச்சி அடுக்கிய விரல்களுக்கு எழுதுகோல் எட்டவில்லை.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளின் நிலை குறித்த வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை அளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குழந்தை கல்வி பெற வேண்டும் என்பன அத்தீர்ப்பின் முக்கியக் கூறுகள். பின்னர் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. விருதுநகர் மாவட்டம் மேனிலைத் தேர்வில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றதை நாம் பெருமிதத்தோடு கண்டோம். கரிசல் மண்ணில் கல்வி விளையாது என்றோர்க்கு அதுவே விடை.

நூல் வாழ்வை நீட்டிக்கும் என்பது இம்மண்ணில் வெறும் அணியுரையன்று. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், எதனோடு எதனைக் கலக்கலாகாது என்பன யாவும் எழுதப்பட்ட விதிகள். அவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு ஆலையை நடத்துவோருடையது. எனினும், எழுத்தறிந்த தொழிலாளி விதி மீறப்படுவதை அறிவான். ஏன் என்று கேட்பான். 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் மாண்டோர் ஏறத்தாழ நாற்பதின்மர். அதற்கு முன்னும் பின்னும் வெடிவிபத்துகள் நிகழ்ந்தவண்ணமே உள்ளன. வேதியியல் பாடநூலின் ஒரு பக்கமும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை நம் மாணவர்க்கு வேறெப்படி உணர்த்துவது?

நிறைவுரை

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், தம் எழுபத்திரண்டாம் வயதில் காமராசர் மறைந்தார். மணம் புரியாதவர், சொந்தமாய் வீடு தேடாதவர். அவர் விட்டுச் சென்ற உடைமைகள் எண்ணத்தக்க சிலவே. சென்னை தியாகராய நகரில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக உள்ளது. அங்கே அவருடைய நூல்களும் வைக்கப்பெற்றுள்ளன. 1976இல் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. 2006இல் அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாக அறிவிக்கப்பட்டது.

எழுபத்திரண்டு ஆண்டுகள் பெருவாழ்வு என எண்ணப்படுவதன்று. ஆனால், மதிய உணவு 1982இல் சத்துணவாய் விரிந்து, 2022இல் காலை உணவும் சேர்ந்து இன்றும் பள்ளிதோறும் பரிமாறப்படுகின்றது. ஒருவர் தொடங்கிய அறம் அவருக்குப் பின் அரை நூற்றாண்டு நடைபெறுமாயின், அவ்வாழ்வை நீண்ட வாழ்வு என்னாது வேறென்னென்பது?

மாணவச் செல்வங்களே! உங்களில் பலர் உங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். காமராசர் என்ன படித்தார் என்று எவரேனும் உங்களிடமோ, உங்கள் தம்பி தங்கையரிடமோ கேட்பாராயின், விடை உங்களிடம் இருக்கட்டும். கடையில் நாளிதழ் படித்தார். சிறையில் நூல் படித்தார். ஊர் ஊராய் மக்களைப் படித்தார். படிக்க இயலாது போன வலியை மறவாமல், மற்றவர் படிக்க வழி செய்தார் என்று சொல்லுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அடுத்த நூலைக் கையிலெடுக்கும்போது, வீட்டில் உள்ள சின்னஞ்சிறார்க்கும் ஒரு நூலை வாங்கிச் செல்லுங்கள். பெருந்தலைவருக்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச்சின்னம் அதனினும் வேறில்லை.