சாவித்ரிபாய் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி

ஆண்டுதோறும் ஜனவரி 3 அன்று சாவித்ரிபாய் பூலேயின் படத்துக்கு மாலை அணிவிக்கும் நாம், கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியராகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். பலகைக்கு எதிரே அமர்ந்திருந்த குழந்தையின் தாகம், பசி, நோய் ஆகியவற்றையும் கல்விக்குள் வைத்தே அவர் பார்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1831இல் சதாரா மாவட்டத்து நைகாவ் கிராமத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் மணமாகி வந்த அவருக்கு எழுத்தறிவித்தவர் கணவர் ஜோதிராவ். 1848இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சாணமும் கல்லும் வீசப்பட்டன. மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார். இதை அவருடைய பொறுமைக்குச் சான்றாகச் சொல்லியே பழகிவிட்டோம். வழக்காடும் நமக்கு அது ஒரு குற்றம் நடந்த இடம். ஆசிரியருக்கே அந்தத் தெரு அப்படி இருந்தது என்றால், அவர்களது பள்ளிகளுக்கு நடந்து வந்த மகர், மாங்கு குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்கான விடையின் ஒரு பகுதியை அப்பள்ளி மாணவி ஒருவரே எழுதி வைத்தார். மாங்கு சாதியைச் சேர்ந்த முக்தா சால்வே, பதினான்கு வயதில் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. கூரையின்றிக் குளிரில் பிள்ளை பெறும் தம் இனப் பெண்களின் நிலையை அச்சிறுமி அதில் எழுதினார்.

பொதுநீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கு மூடப்பட்டிருந்த புனேயில், 1868இல் பூலே தம்பதியர் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிட்டனர். எழுத்துக்குத் தீட்டில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள்கூடத் தண்ணீரில் தயங்கிய காலம் அது. இன்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் பாதுகாப்பான குடிநீரைக் கட்டாயமாக்குகிறது. தனித்தனிக் கழிப்பறைகளையும் கேட்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளியில் எத்தனை குழாய்கள் என்று ஆய்வாளர் எண்ணிவிடலாம். எந்தக் குழந்தை கடைசியில் குடிக்க வேண்டியிருக்கிறது, கழிப்பறையைக் கழுவ எந்தக் குழந்தையின் பெயர் அழைக்கப்படுகிறது என்பதற்கு அவர் படிவத்தில் கட்டமில்லை. தொட்டியைத் திறந்தவர்கள் அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

1876–77 பஞ்சத்தில் பசித்த குழந்தைகளுக்கு உணவளிக்கும் பணியில் சத்தியசோதக் சமாஜத் தோழர்களுடன் இருவரும் இறங்கினர். சோறில்லாத இடத்தில் பாடம் நிற்காது என்பதை அவர்களுக்கு எவரும் ஆய்வறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1890இல் ஜோதிராவ் மறைந்தார். ஏழாண்டுகளில் புனேயைப் பிளேக் சூழ்ந்தது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது (கொரோனா ஊரடங்கிலும் நாம் சந்தித்த அதே சட்டம்தான்). வீடுகள் சோதனையிடப்பட்டன, மக்கள் பிரித்து வைக்கப்பட்டனர். அதிகாரத்தின் கை நீண்ட அளவுக்குப் பராமரிப்பின் கை நீளவில்லை. சாவித்ரிபாய் செய்தது வேறு. தத்துப்பிள்ளையும் மருத்துவருமான யஷ்வந்தைக் கொண்டு நகருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். நோயுற்றோரை அங்கே கொண்டுவரும் வேலையைத் தாமே ஏற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் பிளேக்கில் கிடப்பதை அறிந்து, அவனைத் தம் முதுகில் சுமந்து மகனின் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய உடல், தொட்டால் மரணம் என்று ஆகியிருந்த நேரம் அது. சிறுவன் பிழைத்துக்கொண்டான். தொற்று அவரைப் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். யஷ்வந்தும் 1905இல் பிளேக்குக்கே பலியானார்.