வெனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

தேனாம்பேட்டையிலிருந்து பாண்டி பஜாருக்குப் போகும் நாம், கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கும் வெளிநாட்டு வெனிலா சென்ட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றிப் போவோம். ஆனால் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் சிறு சீசாவிலும் ஏறக்குறைய அதே இனிய மணம் கமழ்கிறது. வெனிலாவை உலகெங்கும் பரவச் செய்தவன் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவன்தான் எட்மண்ட் அல்பியஸ். இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 1829-ஆம் ஆண்டு பிறந்தான். தமிழர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று குடியேறிய தீவு அது. பிறந்தபோதே தாயை இழந்த அவனைப் பெல்லியே போமோன் என்ற பிரெஞ்சுப் பண்ணையார் வளர்த்தார். பள்ளிப் படிப்பு கிட்டவில்லை. ஆயினும் அவருடன் தோட்டத்தைச் சுற்றிவந்தே செடிகொடிகளின் இயல்பைக் கற்றான்.

வெனிலா, மெக்சிகோ நாட்டுக் கொடி. ரீயூனியனில் அது பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் மெக்சிகோ தேனீ அங்கே இல்லை. 1841-ஆம் ஆண்டு ஒருநாள், பண்ணையார் தம் கொடியில் இரண்டு காய்களைக் கண்டு வியந்தார். அது தன் கைவேலை என்று எட்மண்ட் கூறியபோது அவர் நம்பவில்லை. பின்னர் அவர் கண்முன்னே செய்து காட்டினான். மகரந்தத்தையும் சூல்முடியையும் பிரிக்கும் மெல்லிய மடலை மூங்கில் குச்சியால் உயர்த்தி, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்தினான். அவ்வளவுதான்!

மற்றத் தோட்டங்களிலும் அவனே கற்றுக்கொடுத்தான். 1848-இல் 50 கிலோவாக இருந்த தீவின் வெனிலா ஏற்றுமதி, 1898-இல் 200 டன்னாக உயர்ந்தது.

எட்மண்டுக்குக் கிடைத்தது என்ன? 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையும், அல்பியஸ் என்னும் குடும்பப் பெயரும் மட்டுமே. வறுமையில் உழன்ற அவர், நகைத் திருட்டு வழக்கில் சிறை சென்றார். வெனிலாவுக்கு அவர் செய்த தொண்டை எடுத்துக்காட்டிப் பெரியோர் முறையிட்டதால் முன்னதாகவே விடுதலையானார். தாவர இயல் அறிஞர் ஒருவர் கண்டுபிடிப்பைத் தமதென்று உரிமை கொண்டாடியபோது, பெல்லியே போமோன் எழுத்து மூலம் மறுத்து எட்மண்டின் பெயரைக் காத்தார். 1880 ஆகஸ்டு 9-ஆம் நாள் எட்மண்ட் ஏழையாகவே மறைந்தார்.

ஒவ்வொரு பூவையும் கையால் தொடவேண்டியிருந்ததால் வெனிலா விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. 1874-இல் ஜெர்மன் வேதியியல் அறிஞர்கள் டீமனும் ஹார்மனும் பைன் மரச்சாற்றுப் பொருளிலிருந்து அதே மணமுள்ள வெனிலினைத் தயாரித்தனர். பாரிஸின் புகழ்பெற்ற கெர்லேன் நிறுவனமும் 1889-இல் தன் 'ஜிக்கி' சென்ட்டில் செயற்கை வெனிலினைச் சேர்த்தது. ஆகவே தோழியரே, சிறு சீசாவை வாங்க நாணவேண்டியதில்லை.

இயற்கை வெனிலாவுக்கோ, கேரளத் தோட்டங்களில்கூட, எட்மண்ட் காட்டிய வழிதான் இன்றும். சாதிக்க வயதோ செல்வமோ வேண்டாம். கூர்ந்து நோக்கும் கண்ணே வேண்டும். ஆனால் சாதித்தவருக்கு உரிய பங்கைத் தருவது நம் கடமை. அவருக்குக் காலம் கடந்தேனும் நாம் தரக்கூடியது, அவர் பெயரை மறவாதிருப்பதே.