கதிருக்குச் சல்லடை போட்ட டாக்டர்

தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பழைய வேதனை உண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதை வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிந்தது. பலருக்கு முதுகும் இடுப்பும் விறைத்துப் போயின. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது இதற்காகத்தான்.

எலும்பில் புளோரைடு ஏறியதைக் காட்டிக் கொடுப்பது எக்ஸ்ரே படம். முதலில் மாறுவது முதுகெலும்பும் இடுப்பெலும்பும். படம் பிடிக்கச் சிரமமான இடமும் அதுவேதான்!

கனத்த உடம்பில் புகுந்த கதிர் நாலா பக்கமும் சிதறும். சிதறிய கதிர் பிலிமில் விழுந்தால் படம் பனி மூடியதுபோல் மங்கிவிடும். 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். கை மெல்லியது, படம் தப்பியது. இடுப்பு எப்படித் தப்பும்?

வழி கண்டவர் குஸ்தவ் பக்கி என்ற டாக்டர். (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் ஊரில்தான் அது வசைச்சொல்!) ஜெர்மனியில், லைப்சிக் நகரில் 1880-ல் பிறந்தவர்.

1913-ல் அவர் ஈயத் தகடுகளால் ஒரு சல்லடை செய்தார். அதை நோயாளிக்கும் பிலிமுக்கும் நடுவே வைத்தார். நேராக வரும் கதிர் இடுக்கு வழியே போய்விடும். சாய்ந்து வரும் கதிரை ஈயம் விழுங்கிவிடும்.

படம் தெளிந்தது. ஆனால் சல்லடையின் கோடுகளும் கூடவே விழுந்தன! சிகாகோ டாக்டர் ஹாலிஸ் பாட்டர், படம் எடுக்கும்போதே சல்லடையை நகர வைத்தார். கோடுகள் மறைந்தன.

இன்னொரு வில்லங்கம் மட்டும் தீரவில்லை. நல்ல கதிரிலும் கொஞ்சத்தை ஈயம் தின்றுவிடுகிறது. ஈடுகட்ட இரண்டு முதல் ஐந்து மடங்கு கதிர் விடவேண்டும். அத்தனையும் நோயாளியின் உடம்பில்தான் பாயும். ஆகவே கை, பாதம், சிறு குழந்தை என்றால் சல்லடையை எடுத்துவிடுவது முறை. கதிர் விழும் பரப்பையும் வேண்டிய அளவுக்குச் சுருக்குவார்கள். அதனால் சிதறலும் குறையும்.

பக்கி 1923-ல் அமெரிக்கா சென்றார். 1930-ல் பெர்லின் திரும்பினார். யூதரான அவரை ஹிட்லர் ஆட்சி நிலைக்கவிடவில்லை. 1933-ல் மறுபடியும் நியூயார்க்!

அங்கே விஞ்ஞானி ஐன்ஸ்டீன் அவருடைய ஆப்த நண்பர். வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் காமிரா ஒன்றுக்கு இருவரும் 1936-ல் பேடண்ட் உரிமை பெற்றார்கள். 1955-ல் ஐன்ஸ்டீனின் கடைசி நாட்களில் அவரைக் காண விரைந்த டாக்டர்களில் பக்கியும் ஒருவர்.

1963-ல் நியூயார்க்கில் பக்கி காலமானார். வயது 82.

எக்ஸ்ரே அறைகளில் பிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. சல்லடை போகவில்லை. அது பொருத்திய மேஜைக்கு 'பக்கி டேபிள்' என்றே பெயர். முதுகுவலிக்காரர் அதன்மேல் படுத்து மூச்சை அடக்கிக் கொள்ளும்போது, அவருக்கு அடியில் அந்த ஈயத் தகடுகள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன.