குதிரை, தொப்பி, துப்பாக்கி: வெள்ளிக்கிழமை நாயகன் ஜெய்சங்கர்

சிங்கப்பூரில் துப்பாக்கி என்றால் ஆண்களுக்கு நினைவுக்கு வருவது தேசிய சேவைதான். ஏறத்தாழ 4 கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், துடைத்து எண்ணெய் போட வேண்டும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சேவைக்கு வெளியே அதைக் கையில் எடுத்து ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தில் சுட்டால், 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி மரண தண்டனை. துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பான ஊரில், கௌபாய் படம் என்றதும் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஏன் முகம் மலர்கிறார்கள்? கிளின்ட் ஈஸ்ட்வுட் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஜெய்சங்கர் பெயரும் வந்துவிடுகிறதே, அது எப்படி?

ஜெய்சங்கர் 1938 ஜூலை 12ஆம் தேதி பிறந்தவர். இயற்பெயர் சங்கர். சென்னை நியூ காலேஜில் பட்டம் பெற்று, சட்டம் படிக்கச் சேர்ந்து, நடிப்பு ஆசையில் பாதியிலேயே விட்டவர். சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவிலும் பிறகு கல்கி பைன் ஆர்ட்ஸ் நாடகங்களிலும் மேடை ஏறினார். இயக்குநர் ஜோசப் தளியத் அவரை ‘இரவும் பகலும்’ படத்தில் நாயகனாக்கி, சங்கருக்கு முன்னால் ‘ஜெய்’யைச் சேர்த்தார்.

அந்தப் படம் வெளியான நாளைக் கவனிக்க வேண்டும். 1965 பொங்கல். அதே பொங்கலுக்கு எம்ஜிஆரின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் சிவாஜியின் ‘பழநி’யும் வந்தன. இரண்டு மலைகளுக்கு நடுவே புதுமுகம் ஒருவர் நசுங்கிப் போயிருக்கலாம். ஜெய்சங்கர் நசுங்கவில்லை. அதே ஆண்டில் ‘பஞ்சவர்ணக்கிளி’, ‘குழந்தையும் தெய்வமும்’ என்று வரிசை கட்டின.

அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகெங்கும் வசூலை அள்ளிய நேரம் அது. ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ இரண்டும் 1966இல் வந்தன. 1970இல் ‘சிஐடி சங்கர்’. அதுவரை நம் நாயகர்களின் ஆயுதம் பெரும்பாலும் வாள். வாள் வந்தால் கூடவே அரண்மனை வேண்டும், பட்டு வேண்டும், பக்கம் பக்கமாக வசனம் வேண்டும். துப்பாக்கிக்கு ஒரு கோட்டும் ஒரு காரும் போதும். பெரிய நடிகர்களின் தேதிக்குக் காத்திருக்க முடியாத, காத்திருந்தாலும் சம்பளம் கொடுக்க முடியாத தயாரிப்பாளர்கள் ஜெய்சங்கரிடம் வந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஏதோ ஒரு படம் வருகிறது என்னும் அளவுக்கு நடித்தார். ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்ற பட்டப்பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதில் கொஞ்சம் கேலியும் உண்டு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளால்தான் விளக்குப் பிடிப்பவர் முதல் சண்டைப் பயிற்சியாளர் வரை பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவில் உண்மையான துப்பாக்கி ஒன்றும் வெடித்தது. 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்ஜிஆரைச் சுட்டார். தம்மையும் சுட்டுக்கொண்டார். கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்ஜிஆரின் குரலே மாறிப்போனது. ராதா சிறைக்குப் போனார். ஒரு தோட்டா என்ன செய்யும் என்பதைத் தமிழ் ரசிகர்கள் அன்று நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகும் திரையில் துப்பாக்கி மோகம் குறையவில்லை. ஜெய்சங்கரின் துப்பாக்கி விளையாட்டுத் துப்பாக்கி என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவர் அதைச் சுழற்றிய விதத்தில் வன்மம் கிடையாது, குறும்புதான் இருந்தது.

இனி குதிரைக்கு வருவோம். அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளை 1964 முதல் இத்தாலியர் செர்ஜியோ லியோனே புதுவிதமாக எடுத்தார். படம்பிடித்த இடம் அமெரிக்கா அல்ல, ஸ்பெயினின் வறண்ட அல்மேரியா. ஈஸ்ட்வுட் அங்கேதான் உலக நட்சத்திரம் ஆனார். அந்தப் படங்களில் பேச்சு குறைவு. கண்ணும் காற்றும் குளம்படியும்தான் கதை சொல்லும். மெக்கன்சி சாலை ரெக்ஸ் போன்ற அரங்குகளில் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த தமிழரும் கௌபாய் படத்தை ரசிக்க முடிந்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அறிய அகராதி தேவையில்லையே.

ஸ்பெயினின் பொட்டலில் முடிவது நம் ஊர்ப் பொட்டலில் முடியாதா என்று கேட்டவர் ‘கற்பகம்’ போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த கர்ணன். கேமராவோடு இயக்கத்தையும் கையில் எடுத்து, ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். 1970இல் ‘காலம் வெல்லும்’, 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. தெலுங்கில் கிருஷ்ணா 1971இல் ‘மோசகாளக்கு மோசகாடு’ கொடுத்ததும் இதே காலம்தான்.

இந்தப் பெயர்களை மறுபடி பாருங்கள். டாலரும் இல்லை, டெக்சஸும் இல்லை. ஒன்று ஆற்றின் பெயர், ஒன்று கிராமத்துச் சாமியின் பெயர், இன்னொன்று பங்காளிச் சண்டையில் காதில் விழும் சொல். தலையில் அகலத் தொப்பி, இடுப்பில் தோட்டா வார், வாயில் சுத்தமான தமிழ். வேடிக்கைதான். இருந்தாலும் பாட்டன் சொத்துக்காக அடித்துக்கொள்வது நமக்கு அந்நியமான கதையா என்ன? தோட்டங்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால், குதிரை வரும் காட்சிக்கு எழுந்த விசிலைப் பற்றிச் சொல்வார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள்தான்; தீர்ந்தால் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். தமிழ்த் திரையில் அந்தக் கணக்கை யாரும் பார்த்ததில்லை. தேசிய சேவை முடித்தவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆடல் காட்சிகளில் பெண்களைக் காட்டிய விதம் இன்று நம்மை நெளிய வைக்கும். ஆனால் கர்ணனின் கேமரா குதிரையோடு சேர்ந்து ஓடும்போது குறை எதுவும் நினைவுக்கு வராது.

எழுபதுகள் முடியும்போது காற்று மாறியது. ரஜினி, கமல் வந்தார்கள், வெள்ளிக்கிழமைகள் கைமாறின. இந்த இடத்தில்தான் பல நாயகர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது சொந்தப் படம் எடுத்துக் கடனாளி ஆவார்கள். ஜெய்சங்கர் செய்தது வேறு. 1980இல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கு வில்லனாக நின்றார். பதினைந்து ஆண்டுகள் நல்லவனாகவே சுட்டவர், இளைய நடிகரிடம் அடிவாங்க ஒப்புக்கொண்டார். அதை ஒரு சரிவாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது அவர் வாழ்க்கையின் துணிச்சலான முடிவாகத் தெரிகிறது. படம் பெருவெற்றி பெற்றது. அதன் பிறகு அவருக்குக் கிடைத்த வேடங்கள் முன்பைவிட அகலமானவை. 1986இல் ‘ஊமை விழிகள்’ படத்தில் துப்பாக்கி இல்லாமல் நாளிதழ் ஆசிரியராக வந்தார். செய்தித்துறையில் இருப்பதால் எனக்கு அந்த வேடத்தின்மேல் தனிப் பிரியம். 1991இல் மணிரத்னத்தின் ‘தளபதி’யில் அமைதியான கணவராக, தந்தையாக நடித்தார். அந்தப் பக்குவத்தை ‘சிஐடி சங்கர்’ பார்த்த யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2000 ஜூன் 3ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். 62 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன. அவரைக் குதிரையேற்றிய கர்ணன் 2012இல் மறைந்தார்.

தமிழில் கௌபாய் படம் எடுக்கும் ஆசை மட்டும் போகவில்லை. சித்திரக்கதைப் புத்தகங்களில் டெக்ஸ் வில்லரைத் தமிழிலேயே படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது ராகவா லாரன்ஸ் தொப்பி அணிந்தார். கதை நடக்கும் கற்பனை ஊருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஜெய்சங்கர்புரம் என்று வைத்தார்கள்.