தீரர் சத்தியமூர்த்தியும் கொசஸ்தலை ஆறும்

பாடல் பெற்ற தலமாகிய திருப்பாச்சூருக்கு அணித்தே, பூண்டியில் கொசஸ்தலை ஆற்றைத் தேக்கி நிற்கும் நீர்நிலை தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருடைய மேடை முழக்கத்தைப் போற்றும் நாம், தண்ணீருக்காக அவர் பட்ட பாட்டை அவ்வளவாக நினைப்பதில்லை.

1887-ம் வருஷம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தவர், வக்கீல். 1919-ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் இந்தியாவின் கட்சியை எடுத்துரைக்க லண்டன் சென்ற காங்கிரஸ் தூதுகோஷ்டியில் இடம் பெற்றார். சென்னைச் சட்டசபையிலும், 1934-ம் வருஷத் தேர்தலுக்குப் பின் மத்திய சட்டசபையிலும், சர்க்காரைக் கேள்விகளால் திணற அடித்தார். காமராஜருக்கு அரசியல் ஆசான் அவரே.

1939-ல் சென்னை மேயரானார். நகரிலோ தண்ணீர்ப் பஞ்சம். யுத்தம் மூண்டுவிட்டது, காரியத்தைத் தட்டிக் கழிக்க அன்னிய சர்க்காருக்கு அதைவிடச் சௌகரியமான சாக்கு வேண்டுமோ? மேயர் விடவில்லை. 1940-ல் பூண்டியில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கைதாகி அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டவர், உடல் நைந்து, 1943 மார்ச் 28-ந் தேதி சென்னையில் காலமானார். அணை திறக்கப்பட்டது 1944-ல். தாம் தேக்க முயன்ற நீரை அவர் கண்ணாரக் கண்டாரில்லை.

அதே ஆறுதான் கீழே எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் பல்லாண்டுகளாக நீர்ப்பரப்பைத் தூர்த்து வந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் வந்து சேர, செம்படவர் பிழைப்பில் மண் விழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது, நஷ்டஈடு பேசப்பட்டது. ஆயின் இயற்கையை அறிந்தே பெருநாசம் செய்வோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சர்வதேசக் குற்றச் சட்டம், யுத்த காலத்துக்கன்றிச் சமாதான காலத்துக்கு இல்லை.

2021-ல் சட்ட நிபுணர் குழுவொன்று இக்குற்றத்துக்கு இலக்கணம் வகுத்தது. கடுமையான சேதம், பரந்ததாகவோ நெடுநாள் நீடிப்பதாகவோ நேரக்கூடுமென்று அறிந்தே, சட்டவிரோதமாகவோ பொறுப்பின்றியோ செய்யும் செயல் குற்றம் என்பது அதன் சாரம். 2024-ல் வனுவாட்டு, பிஜி, சமோவா என்னும் சின்னஞ்சிறு தீவுகள், ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தில் இதனை ஐந்தாவது குற்றமாகச் சேர்க்கக் கோரின. லண்டனில் அன்று நம்மவர் நின்ற நிலையில் இன்று அவை நிற்கின்றன.

நமது தேசமோ அந்நீதிமன்றத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கையில் சேரவில்லை. சேர்ந்தாலும் புதுச் சட்டம் எண்ணூரின் பழைய சாம்பலைத் தீண்டாது. இனிக் கொட்டுவதையே தடுக்கும். உடன்படிக்கையில் சேராமைக்குச் சர்க்கார் பல காரணங்கள் கூறலாம். உள்நாட்டிலேயே இத்தகைய சட்டம் இயற்றாமைக்கு என்ன காரணம்? சத்தியமூர்த்தி வீற்றிருந்த சபையின் வாரிசாகிய பார்லிமெண்டில், திருவள்ளூர்ப் பிரதிநிதி அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்க வேண்டுமென்று கோருகிறோம்.