எடைக்கல்லுக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானி

குட்டீஸ், தூத்துக்குடிக் கடலில் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு அமர்க்களமாக நடந்தது. கரைக்கு வந்த முத்துக்களை வியாபாரிகள் மஞ்சாடி, கழஞ்சு கணக்கில் எடை போட்டனர். உப்புக்கோ மணங்கு கணக்கு. காய்கறிக்கு வீசை, சேர். அதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம்!

இன்று நாடு முழுவதும் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். இதற்குத் துணை நின்ற ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தவர் ஒரு தமிழர். அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4-ம் தேதி பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். சென்னையில் வேதியியல் செய்முறை வகுப்பு நடத்தும் வேலை கிடைத்தது. மதிய இடைவேளையில் மாணவர்கள் என்ன சந்தேகம் கேட்டாலும் விளக்குவார். வேறு கல்லூரி மாணவர்கள்கூட அவரைத் தேடி வந்தார்களாம்!

கையில் வேலை இருந்தும், மேலும் கற்கும் ஆசை அவரை விடவில்லை. 1920-ல் கொல்கத்தா சென்றார். 1923-ல் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே பெரிய கருவிகள் கிடையாது. சூரிய ஒளியையே திரவங்களுக்குள் செலுத்திப் பார்த்தனர். துளி தூசு இருந்தாலும் சோதனை கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு திரவத்தையும் பொறுமையாகச் சுத்தம் செய்தார் கிருஷ்ணன். சிதறி வரும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுவது 1928 பிப்ரவரியில் உறுதியானது. அதுதான் ராமன் விளைவு! முதல் அறிவிப்புக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. ஆனால், 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

கிருஷ்ணன் அத்துடன் நின்றுவிடவில்லை. டாக்கா, கொல்கத்தா, அலகாபாத் என்று ஆராய்ச்சி தொடர்ந்தது. படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1947-ல் புதிய பொறுப்பு வந்தது. டெல்லியில் தொடங்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அவரே முதல் இயக்குநர். கட்டடம், கருவிகள், ஆட்கள் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. 1950 ஜனவரியில் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

நீளம், எடை, வெப்பம், மின்சாரம் இவற்றைத் துல்லியமாக அளப்பது அதன் முக்கிய வேலை. 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. நாட்டின் மூல கிலோவாக, பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உலோகக் கட்டி ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டது. அதன் எண் 57. அதோடு ஒப்பிட்டு நகல்கள். அந்த நகல்களோடு ஒப்பிட்டுக் கடை எடைக்கற்கள். இப்படித்தான் டெல்லியின் கிலோ தூத்துக்குடிக் கடைக்கும் வந்து சேர்ந்தது.

நிர்வாக வேலைக்கு நடுவிலும் கிருஷ்ணன் ஆராய்ச்சியை விடவில்லை. மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பிகளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

1961 ஜூனில் அவர் மறைந்தார். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்ததும் அதே ஆண்டுதான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது எடைக்கல்லைக் கவனியுங்கள். அதில் அரசு முத்திரை இருக்கும். அன்று ஒரு துளி தூசைக்கூட விடாமல் திரவத்தைச் சுத்தம் செய்த அந்த மாணவரின் பொறுமை, அந்த முத்திரைக்குப் பின்னாலும் இருக்கிறது!