கழற்றிப் பார்த்த கை

அப்பாவின் பழைய மொபெட், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் ஏறினாலே திணறும். கார்புரேட்டரைத் தொட எனக்குப் பயம். ஏடாகூடமாப் போச்சுன்னா அப்பா வேலைக்கு எப்படிப் போவார்? அப்போது நினைவுக்கு வந்தவர்தான் ஜி.டி.நாயுடு.

1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அதுவே அவருடைய பள்ளிக்கூடம்! 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியவர், பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். 1945-இல் கோவை ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கின் முதல்வராகவும் அமர்ந்தார். 1974-இல் மறைந்தார்.

நானும் துணிந்தேன். பிளக்கில் கரி அப்பியிருந்தது. காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் என்று அர்த்தம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தும் மாறவில்லை. மெயின் ஜெட்டைக் கழற்றி, ஒரு சைஸ் சின்னதாக மாட்டினேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் பிளக் இளம்பழுப்பு!

இப்போ அப்பா திணறாமல் பாலம் ஏறுகிறார். நண்பர்களே, ஸ்பேனரை எடுங்கள்; கழற்றிய வரிசையை மட்டும் மறந்துடாதீங்க!